பாங்கின் அம்மாவுக்கு ஒரு நினைவுப் பக்கம்

சீன நாவலாசிரியர் ஒருவரைப் பார்க்கப் பாரிசுக்குப் போகிறேன் என்று சொன்னதும் கரூர் மின்வாரிய அலுவலகத்தில் எதிர்மேசைக்காரர் கேட்டது ஒரே கேள்விதான். "சீனாக்காரரப் பாக்க சீனாவுக்குல்ல மேடம் போகணும்?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் எனக்கே குழப்பமாகி, லீவு விண்ணப்பத்தை நீட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பதிலை இங்கே நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். நாவலாசிரியரின் பெயர் பாங். வடசீனத்தில் ஒரு நிலக்கரி நகரம் அவருடையது. சுரங்க வாசலில் விளக்கறை எழுத்தராக வெகுகாலம் வேலை பார்த்தவர். கீழே இறங்கும் ஒவ்வொருவருக்கும் தலைவிளக்கு எடுத்துக்கொடுத்து, மேலே வந்ததும் திரும்ப வாங்கி மாட்டும் வேலை. அந்த அறையில் உட்கார்ந்தபடியே ஒரே தெருவைப் பற்றி ஆறு நாவல்கள் எழுதியிருக்கிறார். அதில் ஒன்றான 'கீழ்ச்சுரங்கத் தெரு'வை நான் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தேன். மதிய உணவு இடைவேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலுமாக நான்கு வருடம் ஆயிற்று. எனக்குச் சீனத்தில் ஒரு எழுத்துத் தெரியாது. அவருக்குச் சீனம் தவிர வேறொன்றும் தெரியாது.

மொழிபெயர்ப்பாளரை நேரில் பார்த்துப் பேசாமல் ஒப்புதலில் கையெழுத்துப் போடமாட்டேன் என்பது அவருடைய பிடிவாதம். கையெழுத்து இல்லாவிட்டால் ஊரில் என் புத்தகம் வெளிவராது. நான்கு வருட உழைப்பு பீரோவில் கிடக்கும். பாரிசில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அவர் குடும்பத்தோடு வந்திருப்பதாக அவருடைய முகவர் எழுதியபோது, அங்கே தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அச்சகம் வைத்திருக்கும் சிவநேசன் முந்திக்கொண்டார். என் மொழிபெயர்ப்புகளைப் படித்துவிட்டு அவ்வப்போது கடிதம் எழுதும் யாழ்ப்பாணத்துக்காரர். "நீங்கள் வாங்கோக்கா, ஐம்பது பிரதி நான் அடிச்சு வைக்கிறன். எங்கடை வாசகர் வட்டத்திலை சின்னதா ஒரு வெளியீடு செய்வம்" என்றார். கையெழுத்து எப்படியும் கிடைத்துவிடும் என்று நாங்கள் இருவருமே நம்பினோம்.

வியாழக்கிழமை போய் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து சிவநேசன் என்னை நேராக லா சப்பலுக்கே அழைத்துப் போனார். பாரிசைப் பார்க்கும் முன்பே முருங்கைக்காயைப் பார்த்துவிட்டேன். குளிரும் என்று எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். தெருவெல்லாம் கறிவேப்பிலை மணக்கும் என்று யாரும் சொல்லவில்லை. புடவைக்கடை, நகைக்கடை, சிடிக்கடை இருந்த இடத்தில் வந்த கைப்பேசிக் கடை எல்லாம் வரிசையாக இருந்தன. கடைக் கண்ணாடிகளில் வண்ண வண்ணமாகச் சுவரொட்டிகள். ஏதோ கச்சேரி விளம்பரம் என்று கிட்டப்போய்ப் பார்த்தால் கண்ணீர் அஞ்சலி. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், மக்கள், மருமக்கள் இருக்கும் நாடுகள், இரண்டு ஓரத்திலும் குத்துவிளக்கு. கனடா, சுவிஸ், ஜெர்மனி என்று ஒரு குடும்பமே அந்த ஒரு தாளில்தான் ஒன்றுசேர்ந்திருந்தது.

சிவநேசனின் அச்சகத்துக்கும் அதுதான் முக்கியமான வேலை. கல்யாண அழைப்பிதழும் சாமத்திய வீடு என்று அவர்கள் சொல்லும் பூப்பு நீராட்டு விழா அட்டையும் அடிப்பார். மிச்ச நாளெல்லாம் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவு மலர்கள்தான். என் ஐம்பது பிரதிகளும் அந்த மலர்க் கட்டுகளுக்கு நடுவே அடுக்கியிருந்தன. ஆசையோடு ஒன்றைப் பிரித்தேன். அட்டை அழகு, காகிதம் அழகு. மூன்றாம் பக்கத்தில் கை நின்றது.

'நூலாசிரியரின் தாயார் நினைவாக' என்று ஒரு வரிதான் நான் எழுதி அனுப்பியிருந்தேன். இங்கே அந்த வரிக்கு இருபுறமும் குத்துவிளக்கு எரிந்தது. கீழே 'தோற்றம்' என்று போட்டுப் புள்ளிக்கோடு. அதற்கும் கீழே 'மறைவு' என்று இன்னொரு புள்ளிக்கோடு.

"விளக்கெல்லாம் எதுக்குத் தம்பி?" என்றேன்.

"நினைவாக எண்டு இருந்துதேயக்கா. விளக்கில்லாமல் எப்பிடி விடுறது? எங்கடை சனம் ஏசும். திகதி தெரியேல்லை, அதாலை வெறுமையா விட்டிருக்கிறன். பாங் ஐயா வந்தவுடனை கேட்டு எழுதிவிடலாம்."

நாவலுக்குள் நினைவு மலர் புகுந்துவிட்டதே என்று சிரிப்புத்தான் வந்தது. குற்றம் சொல்லத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தை அடுத்து நான் எழுதிய எட்டுப் பக்க முன்னுரையும் அந்த அம்மாவைப் பற்றியதுதான். நாவலைச் சொல்வது 'நான்'. அந்த 'நானு'க்குப் பெயர் பாங், வேலை விளக்கறையில், வீடு அதே தெருவில். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அவன் அம்மா சாகிறாள். இருமி இருமி, மூன்று நாள். கால் சில்லிடுவதிலிருந்து கடைசி மூச்சு வரை பதினான்கு பக்கம். அதை வெறும் கற்பனை என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அந்த அத்தியாயத்தோடு எனக்கு வேறொரு கணக்கும் உண்டு. என் அம்மா கரூர் ஆஸ்பத்திரியில் இறந்தபோது நான் பக்கத்தில் இல்லை. புயலில் கம்பங்கள் சாய்ந்த வாரம், அலுவலகத்தில் புகார்ப் பதிவேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். செய்தி வந்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது இருபது நிமிடம் தாமதம். எப்படிப் போனாள் என்று யாராலும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து இந்த நாவல் கைக்கு வந்தது. பத்தொன்பதாம் அத்தியாயத்தைப் படித்து, இப்படித்தான் போயிருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பாங்கைச் சந்திக்க, புறநகரான லா கூர்னெவிலிருந்து லா சப்பலுக்குத் தனியாக வந்துவிடுவேன் என்று சிவநேசனின் மனைவியிடம் வீரம் பேசினேன். அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். "கார் து நோர் எண்டு கேட்டால் இறங்குங்கோ, அதிலையிருந்து லா சப்பல் கிட்டத்தான், வேறை யோசிக்காதேங்கோ" என்று சொல்லி, பாண் என்று அவர்கள் சொல்லும் ரொட்டிக்குள் கத்தரிக்காய்ப் பொரியலை வைத்துச் சுற்றிக் கையில் கொடுத்தார். நான் யோசிக்காமல்தான் ஏறினேன், எதிர்த்திசை ரயிலில். பெயர்ப்பலகைகளில் 'நோர்' வரவே இல்லை. செவ்ரான் என்று வந்தது. எதிரே இருந்த தமிழ்ப் பெண்மணி என் கையில் இருந்த பொட்டலத்தை மோந்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். "அக்கா, எங்கை போறீங்கள்?" சொன்னேன். "ஐயோ, நீங்கள் நேரெதிர்ப் பக்கமெல்லோ போறீங்கள்!" கையைப் பிடித்து இறக்கி, எதிர் மேடையில் ஏற்றிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போனார். எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் என்றால் இதற்குள் என் படிப்பைக் கேள்வி கேட்டிருப்பார்.

முக்கால் மணி நேரம் பிந்தி, சந்திக்கப் பேசி வைத்திருந்த சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தபோது பாங் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். அறுபதை ஒட்டிய வயது, ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் இரண்டு பேனா. பார்த்தால் எங்கள் வாரியத்தில் ஓய்வுபெறப் போகும் கணக்கு மேற்பார்வையாளர் மாதிரியே இருந்தார். பக்கத்தில் அவருடைய அக்கா. லா கூர்னெவில் ஒரு துணிக் கிடங்கில் பல காலமாக வேலை செய்பவர், சீனமும் பிரெஞ்சும் தெரியும். சிவநேசனுக்குப் பிரெஞ்சும் தமிழும் தெரியும். ஆக நான் ஒன்று கேட்டால் அது தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும், பிரெஞ்சிலிருந்து சீனத்துக்கும் போய், பதில் அதே வழியாகத் திரும்பி வரவேண்டும். நலமா என்று கேட்டு நலம் என்று தெரிந்துகொள்ளவே வடை ஆறிவிட்டது.

நாற்பத்தொரு கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கேட்கவிட்டால்தானே! கேள்வியெல்லாம் அவர்தான் கேட்டார். மின்வாரியத்தில் புகார் சொல்ல வருபவர்கள் உட்காருவார்களா, நிற்பார்களா? மதியம் எழுதும்போது சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு எழுதுவேனா, துடைத்துவிட்டா? சிவநேசனிடம், செத்தவரின் புகைப்படத்தைக் கொண்டுவந்து கொடுப்பது வீட்டில் யார், மகனா மருமகளா? குறிப்பேடு எதுவும் வைத்திருக்கவில்லை. கேட்டுவிட்டு, கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, தேநீரை ஒரு வாய் குடிப்பார். உள்ளே எங்கேயோ பதிந்துவிடும் போலிருக்கிறது.

கடைசியில் நானும் ஒன்று கேட்டேன். "அம்மா இறந்தப்ப உங்களுக்கு என்ன வயசு?"

சிவநேசன் குரலைத் தாழ்த்தினார். "சாப்பிடேக்கை சாவைப் பற்றிக் கேக்கக்கூடாதக்கா. வடையை முடிக்கட்டும்."

வடை முடிந்தது. கேள்வி பிரெஞ்சுக்குப் போயிற்று. அக்காவின் புருவம் உயர்ந்தது. அவர் சிவநேசனை எதையோ திரும்பக் கேட்டார், பிறகு தம்பியிடம் சொன்னார். பதில் திரும்பி வந்தது.

"அம்மா வீட்டிலை நிக்கிறாவாம். முழங்கால் நோவாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வருவினமாம்."

"எந்த அம்மா?"

"அவற்றை அம்மா."

"சின்னம்மாவா இருக்கும். இல்லேன்னா மாமியாரு. நல்லாக் கேளுங்க தம்பி. பெத்த அம்மா, நாவல்ல வர்ற அம்மா."

சிவநேசன் பாவம், மறுபடியும் கேட்டார். பாங் சிரித்தபடி கைப்பேசியை எடுத்துக் காட்டினார். எண்பதைத் தாண்டிய ஒரு சின்ன உருவம், பஞ்சு வைத்துத் தைத்த நீலச் சட்டை, முழங்காலில் பட்டி, கையில் பாதி தின்ற ஐஸ்கிரீம். முந்தாநாள் எடுத்ததாம்.

அதற்குப் பிறகு அவர்கள் என்ன பேசினார்கள் என்பது எனக்கு நினைவில்லை. மூன்றாம் பக்கத்து விளக்குகள் மட்டும் கண்ணுக்குள் எரிந்துகொண்டிருந்தன.

சனிக்கிழமை முழுவதும் அச்சகத்திலேயே கிடந்தேன். ஈபிள் கோபுரம் பார்க்கவில்லையா என்று ஊரில் இன்றும் கேட்கிறார்கள். நான் பார்த்ததெல்லாம் சிவநேசனின் காகிதம் வெட்டும் கத்தியைத்தான். விளக்குப் பக்கத்தை மட்டும் வெட்டினால் முன்னுரை மாட்டிவிடும். 'அந்தத் தாய் அன்று இறந்தாள்' என்பதுதான் அதன் முதல் வரி. முன்னுரையையும் சேர்த்து வெட்டினால் புத்தகம் பல்லுப் போன மாதிரி இளித்தது. ஒரு பிரதியில் வெட்டிப் பார்த்து, அதை மேசைக்கு அடியில் ஒளித்துவைத்தோம். மேலே தாள் ஒட்டலாமா என்று பார்த்தோம். விளக்கு ஊடாகத் தெரிந்தது.

"அக்கா, ஒண்டு சொல்லட்டே? அவையளிலை ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. விளக்கைப் பாத்தாலும் வடிவுக்குப் போட்டது எண்டுதான் நினைப்பினம். பேசாமல் கையெழுத்தை வாங்குங்கோ. ஊரிலை அடிக்கேக்கை அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கோ."

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் இடத்தில் நான் இருந்தால், என் தாயை உயிரோடு கொன்று அச்சடித்தவளுக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேனா? மாட்டேன். சிவநேசன் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் புத்திசாலித்தனம். அப்படியே செய்வது என்று முடிவுசெய்தேன். முடிவுசெய்த பிறகும் மனம் ஆறவில்லை. எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். நான் யாருக்காக அழுதேன்? அந்த அம்மாள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்படியென்றால் அந்தக் கால் சில்லிட்டது, அந்த மூச்சு இழுத்தது எல்லாம் இந்தக் கணக்கு மேற்பார்வையாளர் உட்கார்ந்து இட்டுக்கட்டியதா? பொய்யை வைத்தா என் அம்மாவின் கடைசி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்? பத்தொன்பதாம் அத்தியாயத்தை மறுபடி பிரித்தேன். அடுத்த நிமிடம் கண் கலங்கியது. ஒன்றும் விளங்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுச் சிவநேசனின் மனைவி கொடுத்துவிட்ட புட்டைச் சம்பலோடு தின்றேன்.

ஞாயிறு பிற்பகல் அச்சு இயந்திரத்தை ஓரமாகத் தள்ளி, இருபது நாற்காலி போட்டார்கள். வாசகர் வட்டம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பாங் வந்துவிட்டார், அக்காவும் அம்மாவும் கூட. அம்மாவுக்கு வாசற்படி ஏற நேரம் பிடித்தது. ஏறியதும் நாற்காலியைக்கூடப் பார்க்காமல் புத்தகக் கட்டைப் பார்த்தார், கை நீட்டினார். சிவநேசன் ஒரு பிரதியைக் கொடுக்க, அவர் எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

தமிழ் தெரியாதவர்கள் என்று நாங்கள் நம்பியது சரிதான். பாங் விளக்கறைக்காரர் என்பதைத்தான் மறந்துபோயிருந்தோம். அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவரின் முகம் மாறியது. அவருடைய சுரங்கத்தில், வேலை முடிந்தும் ஒரு விளக்கு திரும்பி வராவிட்டால் ஆள் திரும்பவில்லை என்று அர்த்தம். இது யாருடைய விளக்கு என்று கேட்டார். சீனத்திலிருந்து பிரெஞ்சுக்கும் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும் அந்தக் கேள்வி வந்துசேரும்வரை எனக்கு நேரம் இருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்த அம்மாளின் விரல் 'மறைவு' என்ற சொல்லின் மேல் இருந்தது.

"உங்க அம்மாவோடதுன்னு சொல்லுங்க தம்பி. நாவலப் படிச்சு, அவங்க செத்துப்போயிட்டாங்கன்னு நெனச்சு நான் எழுதினேன். முன்னுரையிலயும் எழுதியிருக்கேன். தப்பு என்னோடதுதான்."

"அக்கா, இதை நான் என்னெண்டு சொல்லுறது?"

"சொல்லுங்க."

சொன்னார். பாங்கின் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கடைசிப் படிதான் கடினம்; தாயிடம் அதை மகள் சொல்ல வேண்டும். பாங்கின் கை சட்டைப் பையில், பேனாவின் மேல் இருந்தது. பேனா வெளியே வரவில்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்து, ஏதோ கேட்டார்.

சிவநேசன் தயங்கினார். "நான் வடிவாச் செத்தனானோ எண்டு கேக்கிறா."

"ரொம்ப நல்லா" என்றேன். வேறென்ன சொல்வது?

அப்போது பாங் சொல்லத் தொடங்கினார். அம்மா சுரங்க ஆஸ்பத்திரியில் செத்த பெண்களைக் குளிப்பாட்டும் வேலை பார்த்தவர். அந்த அத்தியாயத்தைப் பாங் ஏழு தடவை எழுதி ஏழு தடவை கிழித்தாராம். அதைப் பார்த்த அம்மாவே ஒருநாள் கட்டிலில் படுத்துக்கொண்டு, நீ அங்கே உட்கார், பார்த்து எழுது என்றாராம். மூன்று பிற்பகல். கை முதலில் சில்லிடாது, கால்தான் சில்லிடும், அதை மாற்று என்று சாகிற நிலையிலேயே எழுந்து உட்கார்ந்து திட்டினாராம். ஒவ்வொரு நாளும் செத்து முடித்ததும் எழுந்து போய் இரவுச் சமையலைப் பார்த்தாராம்.

அம்மா என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். சிவநேசன் வழியாக ஒரு சீனத்து அம்மாள் யாழ்ப்பாணத் தமிழில் பேசியதை நான் கேட்டேன். "உங்கடை வீட்டிலை ஆரோ செத்திருக்கினம். இல்லாட்டி இந்தளவுக்கு நம்பியிருக்க மாட்டீங்கள். ஆர் எண்டு கேக்கிறா."

சொன்னேன். புயல், புகார்ப் பதிவேடு, இருபது நிமிடம் எல்லாவற்றையும். அலுவலகத்தில் நான்கு வருடத்துக்கும் மேலாக யாரிடமும் சொல்லாததை, அங்கே மூன்று மொழி தாண்டி ஒருவரிடம் கொட்டினேன்.

"ஆர் குளிப்பாட்டினது எண்டு கேக்கிறா."

"நான்தான். நானும் என் சித்தியும்."

அம்மா என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"அப்ப நீ அங்கைதான் இருந்திருக்கிறாய் எண்டு சொல்லுறா."

நான் அழுதேன். மறைக்கவெல்லாம் முயலவில்லை. சிவநேசனும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாரம் முழுக்க அஞ்சலி அச்சடிப்பவர், அவருக்கும் எங்கேயோ பட்டிருக்க வேண்டும். பாங் பேனாவை எடுத்து, ஒப்புதல் தாளில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்தப் பேனாவை என்னிடம் நீட்டி மூன்றாம் பக்கத்தைக் காட்டினார். 'நூலாசிரியரின்' என்பதை அடித்துவிட்டு 'மொழிபெயர்ப்பாளரின்' என்று எழுதினேன். கீழே என் அம்மாவின் பெயர், இரண்டு புள்ளிக்கோட்டிலும் இரண்டு தேதி. முன்னுரையை ஊர்ப் பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். வாசகர் வட்டத்தார் ஒவ்வொருவராக வந்து உட்கார உட்கார எழுதிக்கொண்டே இருந்தேன்.

அம்மா தன் கையிலிருந்த பிரதியை மட்டும் தரமறுத்தார். அதில் அவருடைய விளக்கு எரிகிறதாம், அடித்து மாற்றக்கூடாதாம். 'தோற்றம்' என்பதற்கு எதிரே தன் பிறந்த வருடத்தை எழுதச் சொன்னார். சிவநேசன் தன் அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் அம்மா அடுத்த புள்ளிக்கோட்டில் விரலை வைத்து, மகனைத் தாடையால் சுட்டி ஏதோ சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"மற்றதை இவன் எழுதுவானாம்" என்றார் சிவநேசன். "ஒருக்கா எழுதிப் பழகினவன்தானே எண்டு சொல்லுறா."

எல்லோரும் சிரித்தோம். பாங் மட்டும் சிரிக்கவில்லை.